ராக்குவின் கை பட்ட பெட்டிகள்

நத்தத்திலிருந்து டெல்லி போகிற ரோட்டில் எங்கெங்கே பள்ளம், எந்தெந்தப் பாலம் இடிந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ராக்குவின் முதுகைப் பார்த்தால் போதும் என்று சிறுகுளத்துப்பட்டியில் ஒரு பேச்சு இருந்தது, அதை யாரும் விளையாட்டுக்குச் சொன்னதில்லை. லாரிக்காரர்கள் கேட்டார்கள், லாரிக்காரர்களின் பெண்டாட்டிகள் கேட்டார்கள், மாங்காய் மண்டி வைத்திருந்த தவசியப்பன் தினமும் காலையில் டீ குடித்த கையோடு வந்து கேட்டார். கேட்காமல் இருந்தவன் அவளுடைய அண்ணன் அடைக்கன் மட்டும்தான், ஏனென்றால் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவன் அவன்.

மாங்காய் சீசன் வந்துவிட்டால் தவசியப்பனின் மண்டிச் செட்டில் உட்கார இடம் இருக்காது. மலையடிவாரத் தோப்புகளில் பறித்த காய் டிராக்டரில் வந்து இறங்கும், பெண்கள் அதைக் காம்பு கீழே பார்க்கக் கவிழ்த்துப் பால் வடிய விடுவார்கள், பால் வடிந்த காயைத் துணியால் துடைப்பார்கள், பெட்டிக்கு அடியில் வைக்கோல் பரப்பிக் காயை அடுக்கி, மறுபடி வைக்கோல், மறுபடி காய், கடைசியாக மேலே ஒரு மெத்தை வைக்கோல் போட்டு மூடி அடிக்க அனுப்புவார்கள். யார் அடுக்கிய பெட்டி என்று தெரிவதற்குச் சாக்பீஸால் பெயரின் முதல் எழுத்தைப் பக்கத்தில் எழுதிவிடுவது வழக்கம். ராக்குவும் அப்படித்தான் அடுக்கினாள், ஆனால் மேல் வைக்கோலைப் போட்ட பிறகு உள்ளங்கையை அதன்மேல் விரித்து வைத்து, பிள்ளைக்குச் சுரம் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது போல ஒரு மூச்சு நேரம் அப்படியே இருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள், "என்னடி, வைத்தியம் பாக்குறியா?" என்று கேலி பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியை இழுத்துக்கொள்வாள்.

அடைக்கன் ஒரு தடவை டெல்லியிலிருந்து திரும்பி வந்து தங்கச்சி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே மார்க்கெட்டுக்குப் பின்னால் அடிபட்ட காயையெல்லாம் மலை மலையாகக் கொட்டுகிறார்கள் என்றும், மாடுகள்கூடத் தின்று சலித்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்கின்றன என்றும் சொன்னான். ஊர்க்கதை சொல்வது போலத்தான் சொன்னான். ராக்கு கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"நம்ம காயாண்ணே?"

"நம்ம காயுந்தேன். இம்புட்டுத் தூரம் குலுங்கிக்கிட்டுப் போனா என்னத்துக்கு ஆகும்? பாதிக்குப் பாதி போயிரும்."

"அம்புட்டும் குப்பைக்கா?"

"பின்ன?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அடுத்த சீசனில் அது தொடங்கியது. அதனால்தான் இது வந்ததா என்று ஊரில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லை, வந்தது வந்துவிட்டது, இனி அதை வைத்துக்கொண்டு பிழைக்கிற வழியைப் பார்ப்போம் என்பதுதான் சிறுகுளத்துப்பட்டிக்காரர்களின் சுபாவம்.

முதலில் அடி வாங்கியவன் ராக்குவின் புருஷன் சின்னழகு. அந்த சீசனின் முதல் லோடு இறக்கிவிட்டு வந்த அடைக்கன், தங்கச்சியின் தோளிலும் முழங்கையிலும் கன்றிப்போன நீலத்தைப் பார்த்தான், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே தோப்புக்குப் போய், மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சின்னழகை இறங்கவிட்டு, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். சின்னழகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"மச்சான், அவளத் தொடுறதுக்கே பயந்துக்கிட்டுக் கெடக்கேன். நீங்களே வந்து பாருங்க."

போய்ப் பார்த்தான். பட்டப்பகலில், வாசல் வெளிச்சத்தில், ராக்கு பாயில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டிகள் ஏறிய இன்னொரு லாரி அந்நேரம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தோளில் ஒரு சிவப்பு தெரிந்தது, சிவப்பு தடித்தது, தடித்தது நீலமாகி ஒரு மாங்காய் அளவுக்குப் பரவி நின்றது. அவள் ஒரு தடவை உதட்டைக் கடித்தாள், பிறகு முறத்தை மறுபடி தட்டத் தொடங்கினாள். கிட்டத்தில் ஒரு ஈகூட இல்லை.

"வலிக்குதா தாயி?"

"இது சின்னதுண்ணே. புதங்கெழம மத்தியானம் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கையில இடுப்புல ஒண்ணு விழுந்துச்சு பாரு, பானையவே போட்டுட்டேன்."

புதன்கிழமை மதியம். கர்நூல் தாண்டி ஒரு டோல்கேட்டுக்கு முன்னால் இருந்த வேகத்தடையைப் பார்க்காமல் அடைக்கன் வண்டியை விட்டிருந்தான், வண்டி எழும்பி விழுந்த சத்தத்தில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மாற்று டிரைவர் பீர்முகம்மது முழித்து வைதார். அடைக்கன் வீட்டுக்குப் பின்னால் போய் மாட்டுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதான், பிறகு மச்சான் முறையைப் பார்க்காமல் சின்னழகின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டான்.

அதே வாரம் டெல்லி வியாபாரி தவசியப்பனுக்குப் போன் போட்டு, 'ரா' என்று எழுதிய பெட்டிகளில் ஒரு காய்கூட அடிபடவில்லை, மரத்திலிருந்து இப்போதுதான் பறித்தது போல இருக்கிறது, உள்ளே என்ன மருந்து வைக்கிறீர்கள் என்று கேட்டான். தவசியப்பன் ஒன்றும் விவரம் தெரியாத ஆளில்லை, அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. பெட்டிக்குள் விழ வேண்டிய அடியெல்லாம் ராக்குவின் மேல் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஊரார் கோடாங்கியை அழைத்து வந்தார்கள், அவர் உடுக்கடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை மேல் பேயும் இல்லை, சாமியும் இல்லை, பொல்லாத இரக்கம் ஒன்றுதான் இருக்கிறது, அதை ஓட்ட எனக்கு மந்திரம் தெரியாது என்று சொல்லிவிட்டுக் காணிக்கை வாங்காமல் போய்விட்டார். ஆஸ்பத்திரி நர்சம்மா களிம்பு கொடுத்தாள். அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் நாள் வேலைகளோடு வேலையாகச் சேர்த்துக்கொண்டது. லாரிக்காரர்களின் பெண்டாட்டிகள் புளி கொட்டை எடுக்கவும் பூ கட்டவும் ராக்குவின் வாசலுக்கே வந்து உட்கார ஆரம்பித்தார்கள், போனில் புருஷன் சொல்வதை நம்பாமல் அவள் கையில் எழும்புகிற கன்றலை நம்பினார்கள். இரண்டு கன்றல் அடுத்தடுத்து விழுந்தால் ஓசூர் தாண்டியாயிற்று, முதுகில் பட்டைபட்டையாக வந்தால் நாக்பூர் ரோடு, நாள் முழுக்க ஒன்றுமே விழவில்லை என்றால் எங்கேயோ வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். "இன்னைக்கி ஒண்ணும் விழலையேடி?" என்று ஒருத்தி கவலையோடு கேட்பாள், கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று உறைத்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அடைக்கன் வண்டி ஓட்டுகிற விதமே மாறிப்போயிற்று. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் வண்டியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினான், பள்ளம் தெரிந்தால் இறங்கி நின்று பார்த்துவிட்டு ஏறினான், கரூரிலிருந்து ஆக்ரா வரை எத்தனை பாஷை உண்டோ அத்தனை பாஷையிலும் பின்னால் வந்தவர்களிடம் வசவு வாங்கினான். பீர்முகம்மது அவனைவிட மூத்தவர், ராக்குவைத் தன் கூடப் பிறந்தவள் போல நினைத்தவர், அவரும் அப்படியே ஓட்டப் பழகினார். "மெதுவா, பீரண்ணே, மெதுவா" என்று தூக்கத்தில்கூட அடைக்கன் முனகுவான். என்ன மெதுவாகப் போனாலும் ரோடு ரோடுதானே, ஊருக்கு வந்தவுடன் அவன் முதலில் தங்கச்சியின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், தன்னால் வந்தது எது, மற்ற லாரிகளால் வந்தது எது என்று கண்டுபிடிக்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவான்.

"போதும் ராக்கு, விட்டுரு."

"காயி என்னண்ணே பாவம் பண்ணுச்சு? மரத்துல கெடந்தத நாமதான பறிச்சோம்."

"அதுக்கு நீ சாகவா?"

"இதுல யாரு சாவா? நாலு நாளுல ஆறிரும்."

இப்படிச் சொல்கிறவளிடம் என்ன பேசுவது? ஆறத்தான் செய்தது, ஆறுவதற்குள் அடுத்த லோடு கிளம்பியது.

ஊருக்கு நல்ல காலம் பிறந்தது. டெல்லி வியாபாரி இந்த ஊர்க் காய்க்காகக் காத்திருந்தான், கூலி ஏறியது, சுவரெல்லாம் சுண்ணாம்பு கண்டது. மற்றவர்கள் அடுக்கிய பெட்டிகளின் மேலும் ராக்கு கையை மட்டும் வைத்தால் போதும் என்று தவசியப்பன் கெஞ்சினார், அவளும் வைத்தாள். அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வது போல அவளைப் பார்த்துக்கொண்டார், முட்டை கொடுத்தார், பால் கொடுத்தார், இலவம்பஞ்சு மெத்தை வாங்கிப் போட்டார். குழாயில் அவளை யாரும் தண்ணீர் பிடிக்க விடவில்லை, பஸ்ஸில் அவளுக்கு யாரும் இடம் தராமல் இருந்ததில்லை. கல்யாணச் சீர் கொண்டுபோகிறவர்கள் கண்ணாடிப் பீரோவை அவள் கை படக் காட்டிவிட்டுப் போனார்கள். நிறைமாதக்காரி ஒருத்தியைக் குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவில் ஏற்றியபோது, ராக்கு ஓடிப்போய் அவள் வயிற்றின் மேல் கையை வைத்து எடுத்தாள். பிள்ளைத்தாய்ச்சி தொட்டிலில் போவது போலப் போய்ச்சேர்ந்து சுகமாகப் பெற்றாள், ராக்கு செட்டின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தாள். ஊரே அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்துத் தாங்கியது, கையை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டது. நன்றியில்லாதவர்கள் என்று திட்டவும் வாய் வரவில்லை, அவள் பெயரைத்தான் அந்த வருஷம் பிறந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்தார்கள்.

ஒரு நாள் வேறு ஒருவன் ஓட்டிப்போன லாரி, அவன் கண்ணயர்ந்த நேரம், நாக்பூர்ப் பக்கம் ரோடு போடத் தோண்டியிருந்த பள்ளத்தில் இறங்கியது. இங்கே ராக்கு கை நிறைய வைக்கோலோடு எழுந்தவள் நின்ற இடத்திலேயே மடங்கினாள், வாயிலிருந்து வந்த ரத்தம் வைக்கோலில் சொட்டியது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எந்த வண்டி மோதியது என்று சின்னழகைக் கேட்டார். "டெல்லி லோடுங்க" என்றான் அவன். போகிற வழியில் எங்கேயோ அடித்துவிட்டது என்று அவரும் நினைத்துக்கொண்டார். விலா எலும்பு இரண்டில் விரிசல் விழுந்திருந்தது. லாரியில் போன காய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடைக்கன் செட்டுக்கு நடுவில் நின்று, இனிமேல் என் தங்கச்சி கை எந்தப் பெட்டியிலும் படக்கூடாது, பட்டால் இந்தச் செட்டில் ஒரு வைக்கோல் மிஞ்சாது, கொளுத்திவிடுவேன் என்று கத்தினான். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தவசியப்பனே தலையைக் குனிந்துகொண்டு, "நானே சொல்லணும்னுதான் இருந்தேன் அடைக்கா" என்றார், அது பாதி நிஜம். பெண்கள் எல்லாரும், நாங்கள் இன்னும் ரெண்டு கை வைக்கோல் கூடப் போட்டு அடுக்குகிறோம், போனது போகட்டும் என்றார்கள். ராக்கு மட்டும் கால் விரலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். அடைக்கனுக்கு அவளைத் தெரியும், அவன் லாரி ஊர் எல்லையைத் தாண்டியதும் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

"இந்தா, வா இங்க. சத்தியம் பண்ணு."

"என்னத்துக்குண்ணே..."

"என் தலைமேல கை வச்சுச் சத்தியம் பண்ணு. இனிமே எந்தப் பெட்டியவும் தொட மாட்டேன்னு சொல்லு."

அவள் தயங்கினாள். அவன் குனிந்து அவள் கையைப் பிடித்து இழுத்து, தன் உச்சந்தலையில் வைத்துத் தன் கையால் அழுத்திக்கொண்டான். மேல் வைக்கோலின் மேல் விரிக்கிற அதே உள்ளங்கை அவன் தலையில் விரிந்து, ஒரு மூச்சு நேரம் இருந்தது. "தொட மாட்டேண்ணே" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, சுற்றி நின்ற பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள், பீர்முகம்மது அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை பேர் நின்றிருந்தார்கள், எல்லாருக்கும் அவள் கை என்ன செய்யும் என்று தெரியும், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அண்ணன் தலையில் தங்கச்சி கை வைத்துச் சத்தியம் செய்வதை யார்தான் வேறு மாதிரி பார்ப்பார்கள்?

ராக்கு சத்தியத்தைக் காப்பாற்றினாள். செட்டுப் பக்கமே போகவில்லை. நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சளும் போய் அவள் சொந்த நிறம் திரும்ப வந்தது, மணிக்கட்டு வீக்கம் வடிந்து வளையல் ஏறியது, எத்தனையோ காலத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். சின்னழகு அவளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். அடைக்கன் அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தான், வண்டியை மற்றவர்களைப் போல ஓட்டினான், டெல்லியில் பாதிப் பெட்டி அடிபட்டு இறங்கியபோது வியாபாரி வைததைச் சிரித்துக்கொண்டே கேட்டான். "கொட்டுங்கய்யா, மாடு திங்கட்டும்" என்றான். ஒரு தடவை டயர் மாற்றும்போது லீவர் நழுவிப் புறங்கையில் ஓங்கி அடித்தது, வலிக்கவே இல்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். ராக்கு அந்த வாரம் போனில் பேசியபோது, கதவிடுக்கில் கை மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று சொன்னாள், எப்போது என்று மட்டும் நினைவில்லை என்றாள்.

ஆதிலாபாத் தாண்டிக் காட்டு ரோட்டில் காலை வெயில் ஏறும் நேரம், எதிரே கருங்கல் ஏற்றிவந்த லாரி ஒன்று டயர் வெடித்துக் குறுக்கே வந்தது. அடைக்கன்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் ஒடித்துத் திருப்பினான், வண்டி ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சாய்ந்தது உருண்டு, உருண்டது பருத்திக் காட்டில் தலைகீழாகப் போய் நின்றது. முன்கண்ணாடி தூள் தூளானது, ஸ்டீயரிங் கம்பி அவன் நெஞ்சில் இறங்கி வளைந்தது, கூரைத் தகரம் மடங்கி அவன் தலையில் வந்து உட்கார்ந்தது. அதெல்லாம் நடந்தது அவனுக்குத் தெரிந்தது, ஒவ்வொன்றாகத் தெரிந்தது, ஆனால் பஞ்சுப் பொதிக்குள் இருந்துகொண்டு வெளியே நடப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

தகரத்தை ஒதுக்கிவிட்டு எழுந்து வந்தான். பீர்முகம்மதுவின் வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்து தொங்கியது, நெற்றி கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். அவரை இழுத்து நிழலில் கிடத்தினான். பெட்டிகள் பிளந்து காடு முழுக்க மாங்காய், முழுக்காய் என்று ஒன்றில்லை, நசுங்கிச் சிதறிப் புளித்த வாடை அடித்தது. பக்கத்து ஊர் ஜனங்கள் சாக்கோடும் குண்டானோடும் ஓடி வந்தவர்கள் எடுக்க ஒன்றும் இல்லாமல் திகைத்து நின்றார்கள். ஒரு பொம்பளை அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, அவன் தலையைத் தடவி, கையைத் தடவி, நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தெலுங்கில் ஏதோ சொல்லி மேலே பார்த்துக் கும்பிட்டாள். சாமி காப்பாற்றியது என்கிறாள் என்று அவனுக்குப் பாஷை தெரியாமலே விளங்கியது.

அப்போதுதான் அவன் தன்னைப் பார்த்தான். கண்ணாடி கிழித்த சட்டைக்குக் கீழே தோல் கிழியவில்லை. கம்பி இறங்கிய நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. வேட்டியைத் தூக்கிக் காலைப் பார்த்தான், முட்டியைப் பார்த்தான், ஒரு காயம், ஒரே ஒரு காயம் கிடைக்காதா என்று பைத்தியக்காரனைப் போல உடம்பெல்லாம் தேடினான். கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று, செட்டில் அவளைத் தொட வைத்த இடத்துக்கு. "அய்யோ, நாந்தேன் வச்சேன், நாந்தேன் அவ கையப் பிடிச்சு வச்சேன்" என்று அவன் கதறியது புரியாமல் அந்த ஜனங்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். படுத்துக் கிடந்த பீர்முகம்மதுவுக்குப் புரிந்தது. ஒடிந்த கையோடு எழுந்து உட்கார்ந்து அவரும் அழுதார்.

போனை எடுத்தது சின்னழகு. "மச்சான்" என்றான், போனைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டான். குளித்துவிட்டு வாசலில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தவள், துண்டு கையில் இருந்தபடியே சாய்ந்திருந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எடுக்கக்கூடாது என்று அவனுக்காகக் காத்திருந்தார்கள். ரயிலில் வந்து இறங்கி, திண்டுக்கல்லில் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். குளிப்பாட்டிய பெண்கள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய நெஞ்சை யாரும் பார்க்காதபடி மஞ்சள் துணியால் சுற்றியிருந்தார்கள், தலையை முக்காடிட்டு மறைத்திருந்தார்கள். தனக்கு வந்த சாவு அங்கே படுத்திருப்பதை அடைக்கன் பார்த்தான். கோடிச் சேலையை அவள் மேல் விரித்தான், விரித்த கையை எடுக்க முடியாமல் கீழே விழுந்து, பாடைக் கட்டையில் தலையை மடேர் மடேர் என்று முட்டிக்கொண்டான், நெஞ்சில் அடித்துக்கொண்டான். ஆண்கள் பிடிக்கப் போவதற்குள் தலைமாட்டில் இருந்த பெண்கள் வீறிட்டார்கள்.

"அடிக்காதண்ணே! அடிக்காத! இங்க பாரு, இங்க விழுது!"

ராக்குவின் நெற்றியில், காலையில் அவர்கள் மஞ்சள் பூசித் துடைத்த நெற்றியில், புதிதாக ஒரு சிவப்பு எழும்பி நீலமாகிக்கொண்டிருந்தது. உயிர் போன உடம்பு அது, இருந்தும் வாங்கியது. அடைக்கன் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செத்தவளுக்காக மாரடித்து அழுகிற பாக்கியம்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு பேர் அவன் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கி, மடியில் வைத்துவிட்டார்கள். அவன் அசையாமல் உட்கார்ந்து, கண்ணால் மட்டும் அழுதான். அப்படியே புதைத்துவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு அவன் லாரியில் ஏறவில்லை. சிறுகுளத்துப்பட்டியில் இப்போது தெருவில் ஒரு கல் கிடக்காது, அவன் நடக்கிற பாதையில் கிடக்கிற முள்ளை யார் பார்த்தாலும் எடுத்து எறிந்துவிடுகிறார்கள், ஓடி விளையாடுகிற பிள்ளைகளை அம்மாக்கள் அவன் வரும்போது இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள், சவரம் செய்கிறவர் அவனுக்கு மட்டும் பிளேடைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார். மழை பெய்து வழுக்கும் நாட்களில் அவன் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெளியூர்க்காரர்கள் நல்ல திடகாத்திரமான ஆள் ஏன் கிழவன் மாதிரி அடி எடுத்து வைக்கிறான் என்று கேட்பார்கள், சொன்னால் நம்பமாட்டார்கள் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை.

பீர்முகம்மது எப்போதாவது வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவார். ஒடிந்த கை கோணலாகச் சேர்ந்து, மழைக்காலத்தில் குடைகிறது என்று அவர் சொன்னபோது, அடைக்கன் அந்தக் கையை ஆசையோடு தொட்டுப் பார்த்தான். புதைத்த இடத்துக்கு இரண்டு பேரும் நடந்து போனார்கள். மண் மேட்டில் புல் முளைத்திருந்தது.

"பீரண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"நாளைக்கி எனக்கும் சாவு வரும்ல. அதையும் இவளே வாங்கிக்கிட்டா, நான் என்னண்ணே பண்ணுவேன்?"

பீர்முகம்மது அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரப்பில் இறங்குகிற இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்தது, அவர் முன்னால் இறங்கி நின்று, நல்ல கையை நீட்டி, அவனைப் பதனமாக இறக்கிவிட்டார்.